ஏழு டன் லாரி

பிப்ரவரி 3

அக்கா,

இந்த உறையைப் பிரிக்கப்போவது நீதான் என்று தெரிந்தே அனுப்புகிறேன். படைத்துறைக் காலாண்டிதழுக்கு வரும் கட்டுரைகளைப் பிரித்து, பதிவேட்டில் ஏற்றி, ஆசிரியரின் மேசைக்கு அனுப்புவதும், அச்சாகும்போது பிழை பார்ப்பதும் உன் வேலை என்று அம்மா சொன்னாள். போன் செய்தால் நீ எடுக்கமாட்டாய். அத்தான் இறந்து, விசாரணை அறிக்கை உன் கைக்கு வந்த அன்று வாசலில் வைத்து, "இனிமே என் மூஞ்சியில முழிக்காதே" என்றாய். மூன்று வருஷமாக முழிக்கவில்லை. இப்போதும் முழிக்காமல்தான் எழுதுகிறேன்.

உன் கோபத்தின் காரணம் எனக்குத் தெரியும். பாலம் உடைந்து அத்தானின் தண்ணீர் லாரி ஆற்றில் விழுந்ததைப் பற்றிய விசாரணை அறிக்கையில், "ஓட்டுநரின் அதிவேகமே காரணம்" என்ற வரிக்குக் கீழே சாட்சியாக என் கையெழுத்து இருந்தது. ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று நீ கேட்டதற்கு அன்று நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்தால் கொஞ்சம் புரியும்.

உங்கள் இதழில் கர்னலும் பிரிகேடியரும்தான் எழுதுகிறார்கள். என்னைப் போன்ற வாகனப் பணிமனை சார்ஜன்ட் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. இரண்டாம் பக்கத்தில் இருக்கும் கறை கிரீஸ். அதற்காகத் திருப்பிவிடாதே.

தம்பி

---

பிப்ரவரி 12

ஐயா,

தாங்கள் அனுப்பிய 'தண்ணீர் லாரிகளும் எடைக் குறியீடும்: சில சிந்தனைகள்' என்னும் கட்டுரை கிடைத்தது. அதைப் பதிவு செய்ய இயலவில்லை. பிரிவின் தலைமை அதிகாரியின் அனுமதிக் கையெழுத்து இல்லை. கட்டுரை மூவாயிரம் சொற்களுக்குள் இருக்க வேண்டும்; தங்களுடையது ஐயாயிரத்து நானூறு. எழுதியவர் பெயர் தனித்தாளில் மட்டுமே இருக்க வேண்டும். தாங்கள் எல்லாப் பக்கங்களிலும் எழுதியிருக்கிறீர்கள்.

கட்டுரை இத்துடன் திருப்பி அனுப்பப்படுகிறது.

கட்டுரைப் பதிவுப் பிரிவு

(கீழே, பென்சிலில்)

முதல் ஆறு பக்கம் யானைப்படை, குதிரைப்படை, உலகப் போர். உன் லாரி ஏழாம் பக்கத்தில்தான் கிளம்புகிறது. எங்கள் ஆசிரியர் கர்னல் அவ்வளவு தூரம் வரமாட்டார். 'சில சிந்தனைகள்' யாருக்கு வேண்டும்? வாரத்துக்குப் பத்து சிந்தனை இந்த மேசையில் வந்து விழுகிறது. எத்தனை லாரி, எத்தனை டன், யார் எடை போட்டது, எந்த நாளில், அதைச் சொல். சொல்ல வந்தது என்ன என்றே எனக்குப் புரியவில்லை. புரியக் கூடாது என்றே எழுதியதுபோல இருக்கிறது.

என் வேலையைப் பற்றி அம்மாவிடம் விசாரிக்காதே.

---

மார்ச் 9

அக்கா,

மூன்று வருஷத்துக்குப் பிறகு உன்னிடம் திட்டு வாங்கினேன். பென்சிலில் என்றாலும் திட்டு திட்டுதான். நாலு தடவை படித்தேன்.

யானைகளை விரட்டிவிட்டேன். குதிரைகளும் போய்விட்டன. இப்போது இரண்டாயிரத்து அறுநூறு சொற்கள்தான். முதல் வரியிலேயே லாரி நிற்கிறது.

கையெழுத்துதான் பெரும்பாடாகிவிட்டது. எங்கள் மேஜர், "ஆய்வுக்கு நாள் நெருங்குது, நீ கதை எழுதிட்டு இருக்கியா?" என்றார். கதை இல்லை, எடை என்றேன். "வச்சிட்டுப் போ" என்றார். வைத்துவிட்டுப் போகவில்லை. தினமும் காலை அணிவகுப்பு முடிந்ததும் கோப்போடு அவர் அறை வாசலில் போய் நின்றேன். பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள், "உன் தொல்லை தாங்கல" என்று கையெழுத்துப் போட்டார். ஏதோ பெயின்ட் சம்பந்தப்பட்ட கட்டுரை என்று நினைத்துவிட்டார் போல.

நீ கேட்ட எண்கள் எல்லாம் இருக்கின்றன. எங்கள் வண்டி ஒவ்வொன்றின் முன்புறத்திலும் மஞ்சள் வட்டத்தில் ஓர் எண் இருக்கும். அது வண்டியின் எடை, டன்னில். தற்காலிகப் பாலம் போட்டால் அதன் வாயிலிலும் ஓர் எண் வைப்பார்கள்; அது பாலம் தாங்கும் எடை. ஓட்டுநர் இரண்டையும் பார்ப்பார். வண்டியின் எண் சின்னதாக இருந்தால் ஏறலாம். அவர் செய்ய வேண்டியது அவ்வளவுதான், அதற்குமேல் அவரால் எதுவும் செய்யவும் முடியாது.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் எட்டுத் தண்ணீர் லாரிகளையும் தொட்டி நிறைய நிரப்பி எடை மேடையில் ஏற்றினேன். ஒவ்வொன்றும் பன்னிரண்டு டன்னுக்கு மேல். எட்டிலும் மஞ்சள் வட்டத்தில் எழுதியிருப்பது ஏழு.

தம்பி

---

மார்ச் 20

உன் கட்டுரை பதிவாகிவிட்டது. பதிவு எண் நாற்பத்தொன்று.

எழுதியவர் என் தம்பி என்று கர்னலிடம் நானே போய்ச் சொன்னேன். பின்னால் யாராவது சொல்லிக் கிளப்புவதற்கு முன்னால் நானே சொல்வது நல்லது. "பேர் இருக்கிற தாளை எடுத்துட்டுக் குடுங்க. மதிப்பிடப்போறது வெளி ஆட்கள் ரெண்டு பேர். நீங்க பிழை பாக்குறவங்க, தீர்ப்பு சொல்றவங்க இல்ல" என்றார். சரி என்றேன்.

இது அலுவலக விஷயம். இனி நான் கேட்கிறேன்.

உன் அட்டவணையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசைக்காரி, "என்னாச்சு, உடம்பு சரியில்லையா?" என்றாள். அந்தப் பாலத்தின் எண் ஒன்பது. அறிக்கையின் வரிகள் எனக்கு மனப்பாடம்: "ஏழு டன் எடையுள்ள வாகனத்தால் ஒன்பது டன் பாலம் உடைய வாய்ப்பில்லை. ஆகவே வாகனம் அதிவேகமாக ஏறியிருக்க வேண்டும்." அந்த 'ஆகவே'தான் என் வீட்டுக்காரரைக் குற்றவாளியாக்கியது. வேறு எந்த ஆதாரமும் இல்லை. அவர் வண்டியை ஓட்டுகிறாரா, வண்டியோடு கூடவே நடந்து வருகிறாரா என்று நாம் எத்தனை நாள் கேலி செய்திருக்கிறோம்! அந்த மனிதனுக்கா அதிவேகம்?

அன்று அவர் லாரியில் தண்ணீர் இருந்தது. முகாமுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாரியில் வேறென்ன இருக்கும்? அப்படியானால் அது பன்னிரண்டு டன். இதை நீ எப்போது தெரிந்துகொண்டாய்? இந்த நான்கு ஞாயிறுகளிலா, அதற்கு முன்பேயா?

குட்டி எழுத்துக்கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டாள். கடைப் பலகை, பஸ் எண், மருந்துச் சீட்டு, ஒன்றையும் விடுவதில்லை. பீரோவில் அந்த அறிக்கையின் நகல் இருக்கிறது. இன்னும் இரண்டு வருஷத்தில் அதையும் எடுத்துப் படிப்பாள். அப்பா தன் தப்பால் செத்தார் என்று என் மகள் படிக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். மழுப்பாமல் பதில் எழுது.

---

ஏப்ரல் 2

அக்கா,

முன்பே தெரியும்.

இந்த ஒரு வரியை எழுதிவிட்டு இரண்டு நாள் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். இப்போது மீதியை எழுதுகிறேன்.

அந்த லாரியில் ஏழு என்று எழுதியவன் நான்தான். வருஷாந்தர ஆய்வுக்கு முன்னால் தொட்டியின் உள்பக்கம் பெயின்ட் அடிப்போம். அதற்காகத் தண்ணீரை வடித்து இரண்டு நாள் காயவைக்க வேண்டும். தண்ணீர் லாரிகள் ஓடாமல் நிற்பது வருஷத்தில் அந்த இரண்டு நாள்தான். அதனால் எடை மேடைக்கும் அப்போதே ஓட்டிப்போவது எங்கள் பணிமனை வழக்கம். நான் வருவதற்கு முன்பே இருந்த வழக்கம். காய்ந்த தொட்டியோடு எடை போட்டோம், ஏழு வந்தது, நான் தூரிகையை எடுத்து எழுதினேன். எழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டு வேறு கிடைத்தது. பதிவேட்டில் எடையும் தேதியும் எழுதக் கட்டம் இருக்கிறது. காலியா, நிறைந்ததா என்று எழுதக் கட்டமே இல்லை.

பாலம் உடைந்த செய்தி வந்த அன்றே எனக்கு உறைத்துவிட்டது. விசாரணையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "வண்டியில இருந்த எண்ணும் பதிவேட்டில இருக்கிற எண்ணும் ஒண்ணுதானா?" "ஆமா சார்" என்றேன். பொய் இல்லை. அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வந்தால் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். வரவில்லை. தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். பயந்துவிட்டேன், அக்கா. இதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அதன்பின் ஒவ்வொரு நாளும், நாளைக்குச் சொல்லலாம் என்று மென்று விழுங்கியே மூன்று வருஷம் போய்விட்டது.

இந்த ஜனவரியில் மறுபடி தொட்டிகளை வடித்துக் காயவைத்தார்கள். மறுபடி எடை மேடைக்குக் கிளப்பினார்கள். வட்டத்தைப் புதுப்பிக்கச் சொல்லி என் கையில் தூரிகையைக் கொடுத்தார்கள். கை வரவில்லை. தோள் வலி என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்து, உனக்கு அனுப்பிய அந்த யானைக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். ஏழாம் பக்கம் வரைக்கும் லாரி ஏன் வரவில்லை என்று இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

தம்பி

---

மே 14

ஆறு வாரம் உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

நீ நாலு வார்த்தை கூடப் பேசியிருந்தால் போதும். "தொட்டி காலியா இருந்தப்போ எடை போட்டது சார்." எண்ணிப் பார்த்தேன், ஆறே வார்த்தை. அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அவர் உன்னைச் சொந்தத் தம்பியாகவே நினைத்தார். உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். இதற்குமேல் எழுதினால் தாள் கிழிந்துவிடும்.

இப்போது அலுவலகம்.

மதிப்பீட்டாளர் இருவரின் குறிப்புகளும் வந்துவிட்டன. முதலாமவர்: "எளிய கட்டுரை, மிகத் தேவையானது, உடனே வெளியிடலாம்." இரண்டாமவர்: "எட்டு லாரிகளின் இன்றைய எடை தரப்பட்டுள்ளது. எண்ணை எழுதிய நாளில் தொட்டிகள் காலியாக இருந்தன என்பதைக் கட்டுரையாளர் எப்படி அறிவார்? பதிவேட்டில் ஆதாரம் இல்லை. இது ஊகம். வெளியிடக் கூடாது." கர்னல் இரண்டையும் படித்துவிட்டு, "ரெண்டாவது ஆள் கேக்குறது நியாயமான கேள்வி. பதில் வந்தா போடுவோம், வரலைன்னா திருப்பிடுவோம். ஆறு வாரம் குடுங்க" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த ஆள் ஒருவன்தான் என்பது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதைக் கட்டுரையில் எழுதினால் உன் சார்ஜன்ட் பட்டை போகும், வேலையே போனாலும் போகும். எழுது என்று நான் சொல்லமாட்டேன். எழுதாதே என்றும் சொல்லமாட்டேன். நான் சொல்லி நீ எழுதினால் அது என் கட்டுரை. ஜூன் 25 கடைசி நாள்.

---

மே 27

அக்கா,

இணைத்திருக்கிறேன். புதுப் பத்தி நான்காம் பக்கத்தில் வருகிறது. கட்டுரையை நீ பிரிக்கும் முன்பு இங்கேயே படித்துவிடு:

"எண் எழுதப்பட்ட நாளில் தொட்டி காலியாக இருந்தது என்பதை இக்கட்டுரையை எழுதுபவன் அறிவான், ஏனெனில் அந்த எடையைப் போட்டவனும் அந்த எண்ணை எழுதியவனும் அவனே. ஏழு என்று எழுதப்பட்ட ஒரு லாரி, நிறைந்த தொட்டியுடன் ஒன்பது டன் பாலத்தில் ஏறியபோது பாலம் உடைந்து ஓட்டுநர் இறந்தார். ஓட்டுநர் இரு எண்களையும் பார்த்தார், விதிப்படியே ஏறினார். அவர் மீது தவறு இல்லை. விசாரணையில் இதைச் சொல்ல எனக்கு வாய்ப்பு இருந்தது. பயத்தால் சொல்லவில்லை."

கட்டுரை மாறியதால் மறுபடி மேஜரின் அனுமதிக் கையெழுத்து வேண்டும். இந்தத் தடவை அவர் ஒரு வரி விடாமல் படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார். "இதுல நான் கையெழுத்துப் போட்டா, உன் மேல வர்ற குற்றப்பத்திரிகையிலயும் நான்தான் போட்டாகணும். புரியுதா?" என்றார். "ரெண்டுலயும் போடுங்க சார்" என்றேன். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். இரண்டாவது தாள், குற்றப்பத்திரிகை, அடுத்த நாள் காலையில் வந்தது. மனிதர் சொன்ன சொல் தவறாதவர்.

நேற்று எட்டு லாரியிலும் பழைய எண்ணைச் சுரண்டிவிட்டுப் பன்னிரண்டு என்று எழுதினேன். உத்தரவு எதுவும் வரவில்லை. கேட்டால் கேட்கட்டும்.

தம்பி

---

ஜூன் 24

நேற்று ஏற்றுக்கொண்டார்கள். ஜூலை இதழில் வருகிறது.

இரண்டாம் மதிப்பீட்டாளர் உன் பத்தியைப் பார்த்துவிட்டு ஒரே வரி எழுதியனுப்பினார்: "என் கேள்விக்கு விடை கிடைத்தது. ஒரு சொல்லும் நீக்க வேண்டாம்."

கர்னலுக்கு மட்டும் தயக்கம். என்னைக் கூப்பிட்டு, "இவ்வளவு பச்சையா வேணுமா? 'கட்டுரையாளரின் நேரடி அனுபவத்தில்'னு மாத்திட்டா அவருக்குப் பாதுகாப்பு" என்றார். "வேண்டாம் சார். எழுதினபடியே இருக்கட்டும்" என்றேன். "உங்க தம்பிதானே? இது அச்சானா அவருக்கு என்ன ஆகும்னு தெரியுமா?" "தெரியும் சார்." "உங்களுக்கு?" "எனக்கு ஆக வேண்டியது மூணு வருஷத்துக்கு முன்னாடியே ஆயிடுச்சு சார்" என்றேன். அவர் கோப்பில் 'எழுதியபடியே' என்று குறித்துக் கொடுத்தார்.

பிழை பார்த்தது நான்தான். ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து மூன்று தடவை. உன் பதினெட்டுப் பிழைகளைத் திருத்தினேன். பள்ளியில் உன்னைப் பெஞ்சுமேல் ஏற்றியது தப்பே இல்லை. 'அவர் மீது தவறு இல்லை' என்ற வரிக்கு வந்ததும் ஸ்கேலை நகர்த்தவே முடியவில்லை. மூன்று வருஷமாக அந்த நாலு வார்த்தையை யாராவது ஒருவர் அச்சில் போட வேண்டும் என்று காத்திருந்தேன். அதைப் போட்டது நீ. அந்த வரிக்காகக் கட்டிப்பிடித்து அழலாமா, அதை மூன்று வருஷம் வாய்க்குள் வைத்திருந்ததற்காக அறையலாமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் செய்யத் தோன்றுகிறது.

---

ஆகஸ்ட் 8

அக்கா,

இதழ் வந்தது. பணிமனையில் கை மாறிக் கை மாறி, அட்டையில் இப்போது கிரீஸ் இல்லாத இடமே இல்லை. எங்கள் ஆட்கள் இந்த இதழைப் படித்தது இதுதான் முதல் தடவை.

நான் இப்போது கார்ப்பரல். ஒரு பட்டை போனது. அணிவகுப்பில் எல்லார் முன்னாலும் மேஜர் தாளைப் படித்தார். கத்தரிக்கோலால் தையலைப் பிரித்தபோது அசிங்கமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் நம்பமாட்டாய். வேலை தப்பியது. பட்டையைக் கேட்டால் தருகிறேன் என்று முதல் நாளே முடிவு செய்திருந்தேன்.

நேற்று தலைமையகத்திலிருந்து இரண்டு தாள் வந்தன. ஒன்று எல்லாப் பணிமனைகளுக்கும் பொதுவான உத்தரவு: தண்ணீர், எரிபொருள் லாரிகளை நிரப்பியே எடை போட வேண்டும், பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். மற்றொன்று எனக்கு. அத்தான் வழக்கை மறுபடி விசாரிக்கப்போகிறார்கள், செப்டம்பர் முதல் வாரம், உன் ஊரில். முதல் சாட்சி நான். இந்தத் தடவை கேள்விக்காகக் காத்திருக்கமாட்டேன். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன்.

ஒன்று கேட்க வேண்டும். நேரில் கேட்கத் தைரியம் வராது, அதனால் இதிலேயே கேட்டுவிடுகிறேன். என்னை மன்னித்துவிட்டாயா? இல்லை என்றாலும் சாட்சி சொல்வது மாறாது. விசாரணைக்கு வரும்போது முகாம் விடுதியில் தங்கிக்கொள்கிறேன். உனக்குத் தொந்தரவு வேண்டாம்.

தம்பி

---

ஆகஸ்ட் 17

தம்பி,

இல்லை. இன்னும் மன்னிக்கவில்லை. உன் மனசு ஆறட்டும் என்று பொய் எழுத எனக்கு வராது. ஒரு நாள் மன்னிப்பேன் என்று நினைக்கிறேன். சில நாள் காலையில் மன்னித்துவிட்டதுபோல இருக்கிறது, மத்தியானத்துக்குள் போய்விடுகிறது.

விசாரணைத் தாள் எனக்கும் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. கர்னல் விடுப்புக் கொடுத்துவிட்டார்; கேட்பதற்கு முன்பே கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் உள்ளே வந்து உட்காரப்போகிறேன். நீ சொல்வதை முழுதாக, என் காதால் கேட்க வேண்டும். என்னைப் பார்த்துச் சொல்ல வேண்டாம், அவர்களைப் பார்த்துச் சொல். சத்தமாகச் சொல்.

நீ திங்கட்கிழமை மாலையே வந்துவிட வேண்டும். விடுதியில் தங்குகிறேன் கிங்குகிறேன் என்றெல்லாம் எழுதாதே. அவர் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. கோபம் என் கோபம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்காகச் சொந்தத் தம்பி ஊருக்கு வந்து விடுதியில் கிடப்பானா?

குட்டி நேற்று, "யாரும்மா வர்றாங்க, தலையணை உறையெல்லாம் மாத்துறே?" என்று கேட்டாள். அப்போது அவளுக்கு இரண்டு வயது, உன் முகம் ஞாபகமில்லை. மூன்று வருஷமாக இந்த வீட்டில் உன்னைப் பற்றிய பேச்சையே நான் எடுத்ததில்லை. "உன் மாமா வர்றார்" என்றேன். "எனக்கு மாமா இருக்காரா? அப்ப இவ்வளவு நாள் ஏன் வரல?" என்றாள்.

"உங்க மாமா எதையும் லேட்டாதான் செய்வார். ஆனா செஞ்சிடுவார்" என்றேன்.

வந்துவிடு.

அக்கா